இடிச்ச வீட்டைச் சலிச்சுக் கட்டின மோட்டார் ரூம்

இந்தத் தடவை பயிர் பத்தி இல்ல, இடிச்ச வீடு பத்தி எழுதறேன். விவசாயிக்கும் இடிச்ச வீட்டுக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க கேட்கலாம். அந்தச் சம்பந்தம் எங்க ஏரி வாய்க்கால்ல கிடக்கு. வாங்க சொல்றேன்.

எங்க ஊர் கள்ளக்குறிச்சியிலேர்ந்து கச்சிராயபாளையம் போற பக்கம். மொட்டை மாடியில நின்னா கல்வராயன் மலை தெரியும். அங்க மழை பெஞ்சா ஓடை ஓடையா இறங்கி வந்து கோமுகி அணை ரொம்பும். அதுக்குக் கீழ இருக்கற எங்க ஏரிகளுக்கு வரத்து வாய்க்கால்தான் உயிர். எங்க கிணத்துல சித்திரை மாசம் தண்ணி இருக்குமா இல்லையாங்கறது கார்த்திகையில அந்த வாய்க்கால் எப்படி ஓடுச்சுங்கறதைப் பொறுத்தது. அதனால வாய்க்கால்ல யாராவது ஒரு கூடை மண்ணு போட்டாக்கூட எங்களுக்கு வயித்துல போட்ட மாதிரி இருக்கும்.

2019 நவம்பர் 26-ஆம் தேதி கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆச்சு. ரோட்டு ஓரத்துல மனை விலை ஏறுச்சு. பழைய ஓட்டு வீடு, மெத்தை வீடு, முப்பது நாப்பது வருஷத்துக்கு முந்தி கட்டின தொகுப்பு வீடு எல்லாம் வரிசையா இடிபட ஆரம்பிச்சுது. இடிக்கறதுக்கு ஜேசிபி அரை நாள் போதும். இடிச்சதை எங்க கொட்டறது? பொழுது சாஞ்சதுக்கு அப்புறம் ஒரு டிராக்டர் லைட்டை அணைச்சுட்டு வாய்க்கால் ஓரமா போகும். திரும்பி வரும்போது டிப்பர் காலியா தடதடன்னு சத்தம் போடும். சத்தத்தை வச்சே எங்களுக்குத் தெரிஞ்சுடும்.

இதுல எனக்கு ஆத்தாமை என்னன்னா, ஒரே தெருவுல ஒரு டிராக்டர் இடிச்ச செங்கல்லை வெளியே ஏத்திட்டுப் போகுது, எதிர்ல இன்னொரு டிராக்டர் எம்-சாண்டை உள்ளே ஏத்திட்டு வருது. எம்-சாண்டுன்னா வேற ஒண்ணும் இல்ல, எங்கேயோ ஒரு கரட்டை வெடி வச்சு உடைச்சு, கிரஷர்ல அரைச்ச தூள்தான். காசு கொடுத்து கல்லை அரைச்சு வாங்கறோம். வீட்டு வாசல்லயே கிடக்கற கல்லைக் காசு கொடுத்து வாய்க்கால்ல போடறோம்.

2023-ல எங்க தாத்தா வீட்டை இடிக்க வேண்டிய நிலைமை வந்துது. சுதந்திரத்துக்கு முந்தி கட்டின வீடு. முன்பக்கம் மெத்தை, பின்பக்கம் ஓடு. மெத்தையில தேக்கு உத்திரம் செல்லரிச்சுப் போச்சு. பெரியப்பா பையன், அதாவது எங்க அண்ணன், "இடிஞ்சு யார் தலையிலயாவது விழறதுக்கு முந்தி நாமளே இறக்கிடுவோம்டா"ன்னார். சரின்னு இறக்கினோம். டிராக்டர்காரர் வந்து பார்த்துட்டு, ஒரு லோடு 800 ரூபா, நாலு லோடு வரும்னு சொல்லிட்டு, "எங்கண்ணே கொட்டட்டும்?"னு கேட்டார். வாய்க்கால் கரையைப் பத்திப் பத்து வருஷமா ஊர்ல சண்டை போடறவன் நான். என்ன பதில் சொல்ல முடியும்? "இருக்கட்டும்பா, அப்புறம் சொல்றேன்"னு அனுப்பிட்டேன்.

அந்த நேரத்துல எனக்கு ரெண்டு கட்டட வேலை இருந்துது. கொல்லையில எட்டுக்கு எட்டு ஒரு மோட்டார் ரூம். வீட்டுக்குப் பின்னால மாட்டுக் கொட்டாய்க்கு இடுப்பளவு சுவரும் தளமும். இந்த இடிச்ச சாமானை வச்சே ரெண்டையும் கட்ட முடியுமான்னு எங்க கொத்தனார் தம்பிகிட்ட கேட்டேன். அவர் சின்ன வயசு, வேலை சுத்தமா இருக்கும். "குப்பையில கட்டச் சொல்றீங்களே மாமா, நாளைக்கு விரிசல் விட்டா ஊர் உங்களைக் கேட்காது, என்னைத்தான் கேட்கும்"னார். அவர் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. கொத்தனாருக்கு சுவர்தான் விளம்பரப் பலகை.

அப்பதான் எங்க ஊர்ப் பெரிய கொத்தனார் ஞாபகம் வந்துது. எழுபத்தஞ்சு வயசுக்கு மேல ஆகுது, கரணையைக் கீழ வச்சுப் பத்து வருஷம் இருக்கும். கூட்டிட்டு வந்து குவியலைக் காட்டினேன். ரெண்டு செங்கல்லை எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். இன்னொண்ணை எடுத்து நாக்குல வச்சுப் பார்த்தார். துப்பிட்டு, "இது உப்பு. குளிக்கிற இடத்துச் சுவரா?"ன்னார். ஆமா, அதேதான்.

"தம்பி, நீ இதை ஒரு குப்பையா பார்க்கற. இதுல நாலு இருக்கு. மொதல்ல நாலையும் பிரி, அப்புறம் பேசு"ன்னு சொல்லிட்டு நிழல்ல போய் உட்கார்ந்துட்டார்.

முதல் வகை, சுண்ணாம்புச் சாந்துல கட்டின செங்கல். சுண்ணாம்புச் சாந்து செங்கல்லை விடும். கரணையால ரெண்டு தட்டு தட்டினா ஒட்டினது உதிர்ந்து, முழுக் கல் அப்படியே கையில வரும். சிமெண்டு சாந்துல கட்டினது அப்படி வராது, சாந்துக்கு முன்னால கல்லு உடையும். எங்க தாத்தா வீட்டு முன்பக்கம் முழுக்க சுண்ணாம்பு, அதனால ரெண்டாயிரம் கல் முழுசாவே கிடைச்சுது. மோட்டார் ரூமுக்கு அதுவே போதும். உடைஞ்ச துண்டு ஜல்லிக்கும் தூளுக்கும்.

ரெண்டாவது, எங்கப்பா காலத்துல பின்பக்கம் சேர்த்துக் கட்டின சமையல்கட்டு. சிமெண்டு பூச்சு, கான்கிரீட் துண்டு. இதை உடைச்சா கரகரன்னு மணல் மாதிரி வரும்.

மூணாவது, உள்சுவர்ல இருந்த களிமண் சாந்து. இது சாந்துக்கு ஆகாது. தண்ணி பட்டா உப்பும், காஞ்சா சுருங்கும், சிமெண்டையும் கல்லோட ஒட்ட விடாது. அதை வரப்புக்கும் கொட்டாய் மேடு ஏத்தறதுக்கும் போட்டோம்.

நாலாவது, எதுக்கும் ஆகாதது. உப்புப் பொரிஞ்ச செங்கல், பெயிண்ட் அடிச்ச மரம், பிளாஸ்டிக் பைப், ஒயர். நகரத்து வீடுன்னா இதோட ஜிப்சம் சீலிங்கும் சேரும். ஜிப்சம் தூள் சிமெண்டோட கலந்தா பின்னாடி உப்பி சுவரைப் பிளக்கும், அது ஒரு பிடிகூட கலக்கக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்கவே கூடாது, அந்தத் தூசு நுரையீரலுக்கு விஷம்.

இப்படிப் பிரிச்சதுக்கு அப்புறம் ஒரு விஷயம் கேட்டேன். "பழைய சாந்துலதான் சுண்ணாம்பு இருக்கே, அதையே தண்ணி ஊத்திக் குழைச்சா ஆகாதா?" பெரியவர் சிரிச்சார். "அது செத்த சுண்ணாம்புப்பா. ஒரு தடவை பிடிச்சது திரும்பப் பிடிக்காது." இதை நான் அப்புறம் பள்ளிக்கூட வாத்தியாரா இருக்கற என் மச்சான்கிட்ட கேட்டுத் தெளிவு பண்ணிக்கிட்டேன். நீத்தின சுண்ணாம்பு காத்துல இருக்கற கரியமில வாயுவை இழுத்துத் திரும்பக் கல்லாகிடுது. கல்லானதுக்கு மறுபடி சூளையில வெந்தாத்தான் உயிர் வரும். இறுகின சிமெண்டும் ஏறக்குறைய அதே கதைதான். ஆக, இடிச்ச சாமான் மணல் வேலையைத்தான் செய்யும், பசை வேலையைச் செய்யாது. பசைக்குப் புதுச் சுண்ணாம்போ புதுச் சிமெண்டோ வேணும்.

ஆனா செங்கல் தூள் மட்டும் விதிவிலக்கு. அதை மாவு மாதிரி அரைச்சு சுண்ணாம்போட சேர்த்தா, அது சும்மா இருக்காது. சுட்ட களிமண்ணுல இருக்கற சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போட சேர்ந்து தண்ணிக்குள்ளகூட இறுகும். கொத்தனாருங்க இதை சுர்க்கின்னு சொல்லுவாங்க. ரொம்ப வெந்து கறுத்த கல் இதுக்கு ஆகாது, மிதமா வெந்த நாட்டுச் செங்கல்தான் நல்லது. ரோமாபுரிக்காரங்க ஓட்டையும் செங்கல்லையும் இடிச்சு சுண்ணாம்போட கலந்து தண்ணித் தொட்டிக்குப் பூசினாங்க. நம்ம முல்லைப் பெரியாறு அணை, பென்னிகுயிக் கட்டி 1895-ல முடிச்சது, அதுவும் சுண்ணாம்பு சுர்க்கிக் கலவைதான். தேனி, மதுரைப் பக்கம் விவசாயிங்க இன்னிக்கும் அந்தத் தண்ணியிலதான் நெல்லு நடறாங்க. செங்கல் தூளை குப்பைன்னு சொல்றதுக்கு முந்தி அந்த அணையை ஒரு தடவை நினைச்சுக்கணும்.

சரி, அரைக்கறது எப்படி? அந்தக் காலத்துல வட்டமா பள்ளம் வெட்டி, கல் உருளையை மாடு கட்டி இழுத்து சாந்து அரைப்பாங்க. எங்ககிட்ட செக்கும் இல்ல, உருளையும் இல்ல. ஆனா களத்துப் பாறை இருக்கு. கம்பு, உளுந்து எல்லாம் அது மேல பரப்பி டிராக்டரை ஓட்டித்தானே அடிக்கறோம்? அதே மாதிரி செங்கல் துண்டைப் பரப்பி டிராக்டரை ஏத்தினோம். பெரிசா நின்னதை சம்மட்டியால உடைச்சோம். தண்ணி தெளிச்சுக்கிட்டே, மூக்குல ஈரத்துண்டு கட்டிக்கிட்டுத்தான் செய்யணும், செங்கல் தூசியும் கல் தூசியும் நெஞ்சுக்கு ஆகாது.

அப்புறம் மூணு சல்லடை. முதல் சல்லடையில நிக்கறது முக்கால் இஞ்சு ஜல்லி, அது தளத்துக்கு. ரெண்டாவதுல விழறது அஞ்சு மில்லிக்குக் கீழ, அது மணலுக்குப் பதில். மூணாவது மாவு சல்லடை, அதுல இறங்கறதுதான் சுர்க்கி. மாவு சல்லடைன்னதும் வீட்டுல சத்தம் வந்துது. "அதை எடுத்தீங்கன்னா இட்லியும் செங்கல்லுலதான்"னுட்டாங்க. புதுசா ஒண்ணு வாங்கினேன்.

மணல் சுத்தமான்னு பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கு. கண்ணாடிப் பாட்டில்ல மூணுல ஒரு பங்கு மணலைப் போட்டு, தண்ணி ஊத்தி, ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி மூணு மணி நேரம் விடுங்க. மணல் கீழ நிக்கும், சேறு மேல ஏடு மாதிரி நிக்கும். ஏடு மணல் உயரத்துல பத்துல ஒரு பங்கை நெருங்கினா, கழுவாம சாந்துக்குப் போடக் கூடாது. வயல் மண்ணுல களி எவ்வளவுன்னு பார்க்கறதும் இப்படித்தான்.

இன்னொண்ணு முக்கியம். செங்கல் மணல் தாகம் பிடிச்சது. காஞ்ச மணலை அப்படியே போட்டா சாந்துல இருக்கற தண்ணியைக் குடிச்சுடும். சோறு வேகறதுக்குள்ள உலை வத்தின மாதிரி சிமெண்டு பாதி வெந்து நிக்கும். அதனால முந்தின நாளே மணலை நனைச்சு ஈரச் சாக்கு போட்டு மூடி வச்சோம்.

மோட்டார் ரூமுக்கு சுண்ணாம்பு ஒரு பங்கு, சுர்க்கி ஒரு பங்கு, செங்கல் மணல் ரெண்டு பங்கு. கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி நீத்திப் பத்து நாள் ஊற வச்சோம். பெரியவர் சொன்னபடி கடுக்காயைத் தட்டி, வெல்லம் போட்டு ஊற வச்ச தண்ணியிலதான் சாந்து குழைச்சோம். வெல்லத்துக்கு எங்க பக்கம் பஞ்சமே இல்ல, கரும்பு ஊராச்சே. கடுக்காய் கல்வராயன் மலையில வெள்ளிமலைப் பக்கம் இருக்கற ஒரு சிநேகிதர்கிட்டேர்ந்து வந்துது. மாட்டுக் கொட்டாய் சுவருக்கு சிமெண்டு ஒண்ணுக்கு மணல் ஆறு, அந்த ஆறுல மூணு பங்கு எம்-சாண்டு, மூணு பங்கு நாங்க சலிச்சது. கொட்டாய் தளத்துக்குச் செங்கல் ஜல்லி. மோட்டார் ரூமுக்கு மேல போட்ட கூரை, நிலைக்கு மேல லிண்டல், இதுல எல்லாம் சலிச்சது ஒரு சட்டிகூடப் போடல. கம்பி போடற இடத்துல புதுச் சாமான்தான். இந்தப் பிடிவாதத்தைப் பார்த்துதான் சின்னக் கொத்தனார் வேலைக்கு ஒத்துக்கிட்டார்.

கணக்கைச் சொல்லாம விட்டா நீங்க நம்ப மாட்டீங்க. மணல் ஒரு யூனிட் மிச்சம், எங்க ஊர் வந்து சேர 6,000. ஜல்லி மிச்சம் 3,500. இடிச்சதைக் கொட்ட டிராக்டருக்குக் கொடுக்காதது 3,200. ஆக 12,700. இதுக்கு எதிரா ஒரு ஆம்பள ஆள், ஒரு பொம்பள ஆள் ஆறு நாள் கூலி 7,800. மீதி 4,900. டிராக்டர் எங்களுது, எங்க வீட்டு ஆளுங்க உழைப்பைக் கணக்குல சேர்க்கல. அதையும் சேர்த்தா கைக்கும் வாய்க்கும் சரியாப் போயிருக்கும். முழுசா கிடைச்ச ரெண்டாயிரம் கல்தான் உண்மையான லாபம். பணத்துக்காக மட்டும் இதைச் செய்யலாம்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறுச்சு. அடுத்த ரெண்டு நாள் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைப் பக்கம் பெஞ்ச மழையை டிவியில பார்த்திருப்பீங்க. தென்பெண்ணையில வெள்ளம். எங்க கொல்லையில மோட்டார் ரூமைச் சுத்தி முழங்கால் தண்ணி நின்னுது. வடிஞ்சதும் போய்ப் பார்த்தேன். சுவர்ல ஒரு அடி உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்துது. பொங்கலுக்குள்ள காஞ்சுடுச்சு. நகத்தால சுரண்டினாலும் சாந்து உதிரல. கொட்டாய் சுவர்ப் பூச்சுல மட்டும் மயிரிழை மாதிரி கோடு கோடா விரிசல் இருக்கு. அரைச்ச சிமெண்டுத் தூள் கலந்த சாந்து காயும்போது கொஞ்சம் அதிகமாச் சுருங்கும். மாட்டுக்கு அது பெருசில்ல. ஆனா வீட்டு ஹால்ல பூசறதுக்கு இந்தக் கலவை வேணாம்னுதான் சொல்லுவேன்.

அதே மழையில வாய்க்கால் என்ன ஆச்சுன்னா, இடிச்ச சாமான் கொட்டி மேடான இடத்துல தண்ணி போக வழி இல்லாம கரையை உடைச்சுது. என் பங்காளி தம்பி ஒருத்தரோட ரெண்டு ஏக்கர் மக்காச்சோளம், கதிர் முத்தற பருவம், அஞ்சு நாள் தண்ணியில நின்னு சாஞ்சுது. வெள்ளம் வடிஞ்சதும் அந்தக் கொல்லையில பொறுக்கினது என்ன தெரியுமா? பூப்போட்ட பாத்ரூம் டைல்ஸ், நீல டிஸ்டெம்பர் அடிச்ச சுவர்த் துண்டு, உடைஞ்ச வாஷ்பேசின். அது யார் வீட்டு சுவர்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? வீடு கட்டினவங்க கிரகப்பிரவேசம் பண்ணி, அதுல என் பங்காளியும் போய் மொய் எழுதிட்டு வந்திருப்பார்.

இதுக்குச் சட்டம் இல்லாம இல்ல. கட்டட இடிபாட்டுக் கழிவுக்குன்னே மத்திய அரசு 2016-ல விதி போட்டுது. இடிக்கறவங்க தரம் பிரிச்சுக் கொடுக்கணும், ரோட்டுலயோ வாய்க்கால்லயோ கொட்டக் கூடாது, அரசாங்க வேலையில பத்துலேர்ந்து இருபது சதவீதம் வரைக்கும் இந்தக் கழிவுல செஞ்ச பொருளை வாங்கணும்னு அதுல இருந்துது. அதே 2016-ல கான்கிரீட் ஜல்லி, மணலுக்கான ஐ.எஸ். 383 தரத்தையும் திருத்தினாங்க. இடிச்ச கான்கிரீட்டை அரைச்சு எடுத்ததைக் கம்பி இல்லாத கான்கிரீட்டுல 25 சதவீதம், எம் 25 வரைக்குமான கம்பி கான்கிரீட்டுல 20 சதவீதம், தளத்துக்கு அடியில போடற லேசான கான்கிரீட்டுல முழுசாவே போடலாம். செங்கல் கலந்த ஜல்லிக்கு லேசான கான்கிரீட் மட்டும்தான் அனுமதி. சுண்ணாம்புச் சாந்துக்குப் போடற செங்கல் மணலுக்கு அதுக்கு ரொம்ப முந்தியே ஐ.எஸ். 3182-னு தனித் தரம் இருக்கு. பெரியவர் நாக்குல வச்சுச் சொன்னதை அரசாங்கம் தாள்ல எழுதி வச்சிருக்கு, அவ்வளவுதான்.

டெல்லி புராரியில 2009-லயே இதை அரைக்கற ஆலை வந்தாச்சு. 2019-ல திறந்த உச்ச நீதிமன்றக் கூடுதல் கட்டடத்துக்கு இடிபாட்டுல செஞ்ச பிளாக் ஏறக்குறைய 18 லட்சம் போட்டாங்க. நீதிபதிங்க உட்கார்ற கட்டடத்துக்கே ஆகும்னா என் மாட்டுக்கு ஆகாதா? சென்னையிலயும் பெருங்குடி, கொடுங்கையூர்ல ஆலை இருக்கு. நகரத்துல அரைக்க ஆலை வந்தாச்சு. எங்க மாதிரி ஊருக்கு வாய்க்கால்தான் ஆலை.

அதனால என் யோசனை இது. வேளாண் பொறியியல் துறை டிராக்டர், ஜேசிபி எல்லாம் மணிக் கணக்குல வாடகைக்கு விடுது, நானும் எடுத்திருக்கேன். அதே மாதிரி ஒன்றியத்துக்கு ஒரு சின்ன கிரஷரும் ரெண்டு சல்லடையும் டிராக்டர்ல இழுத்துட்டுப் போற மாதிரி இருந்தா, வீடு இடிக்கற இடத்துக்கே போய் அரைச்சுக் கொடுத்துடலாம். எங்களுக்கு ஆறு நாள் கூலி ஆனது அரை நாள்ல முடியும். அப்பதான் இது பைத்தியக்கார விவசாயி ஒருத்தன் செஞ்ச வேலையா இல்லாம, எல்லாரும் செய்யற வேலையா மாறும்.

மலையில இருக்கறவங்களுக்கு இது இன்னும் அவசியம். கடுக்காய் கொடுத்த சிநேகிதர் ஒரு தடவை சொன்னார், "கீழ இருக்கற உங்களுக்கு மணல் விலைதான். எங்களுக்கு மணல் ஏறி வர்ற ஒவ்வொரு வளைவுக்கும் விலை." அவங்க பழைய வீடு மண் சுவர். இடிச்சா தண்ணி ஊத்தி மிதிச்சு அதே மண்ணுல மறுபடி சுவர் வைக்கலாம், அதுல குப்பைன்னு ஒண்ணு மிஞ்சவே மிஞ்சாது. இப்ப 2024-லேர்ந்து கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துல 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபா கொடுக்கறாங்க. நல்ல விஷயம், ஒழுகாத கூரை யாருக்கும் வேணும். ஆனா அந்தப் பணத்துல மலை ஏத்தற வாடகைக்கே ஒரு பங்கு போயிடுது. அங்க பழுதாகிக் கிடக்கற பழைய தொகுப்பு வீட்டை அரைச்சா, அடித்தளத்துக்குக் கீழ போடற கான்கிரீட்டுக்காவது ஜல்லி அங்கேயே கிடைச்சுடும்.

நகரத்துல இருக்கற உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். வீட்டுல பாத்ரூமை மாத்துவீங்க, சமையல்கட்டை இடிச்சுப் பெருசாக்குவீங்க. கான்டிராக்டர் "டெப்ரிஸ் நாங்க பார்த்துக்கறோம் சார்"னு சொல்லுவார். "எங்க கொண்டு போவீங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. ஜிப்சத்தையும் டைல்ஸையும் தனியா, செங்கல்லையும் கான்கிரீட்டையும் தனியா எடுக்கச் சொல்லுங்க. பழைய சுண்ணாம்பு வீடா இருந்தா ஜேசிபி வைக்காம ஆள் வச்சு இறக்குங்க, முழுக் கல் கிடைக்கும். இடிக்கறதுக்கு முந்தி பிரிக்கறது சுலபம். எல்லாம் ஒண்ணாக் கலந்து டிப்பர்ல ஏறினதுக்கு அப்புறம் அதை யாராலயும் பிரிக்க முடியாது, அப்ப அதுக்குத் தெரிஞ்ச ஒரே வழி ஏதாவது ஒரு ஏரிதான்.

வர்ற சித்திரையில வெள்ளிமலை சிநேகிதர் அவங்க அண்ணன் வீட்டை இறக்கப் போறார். மூணு சல்லடையையும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லியிருக்கார். பெரியவரால மலை ஏற முடியாது, அவர் சொன்னதெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். சின்னக் கொத்தனார் தானும் வர்றேன்னார், கூலி பேசிட்டுத்தான். போயிட்டு வந்து அங்க என்ன தேறுச்சுன்னு எழுதறேன்.